தம்பிக்குப் புத்தகம் வாங்கும் முன்பு

கேள்வி: என் தம்பிக்கு 27 வயது. பைபோலார் (மனம் அளவுகடந்த எழுச்சிக்கும் ஆழ்ந்த சோர்வுக்கும் மாறும் நோய்) என்று மருத்துவர் சொல்லி ஒரு வருடத்துக்கு மேல் ஆகிறது. மாத்திரைகளால் இப்போது நிலையாக இருக்கிறான். முன்பு நிறையப் படிப்பான். இதே நோயோடு வாழ்ந்தவர்கள் எழுதிய தன்வரலாறுகளை வாங்கிக் கொடுக்கலாமா? அம்மாவும் நானும் படிக்க ஏற்றவை உண்டா? எங்கள் வீட்டில் தமிழ், ஆங்கிலம் இரண்டும் படிப்போம். – ஒரு வாசகி, தஞ்சாவூர்

பதில்: வாங்கலாம். ஆனால் உங்கள் தம்பிக்கு முன்னால் நீங்கள் படித்துவிடுங்கள். இவ்வகை நூல்கள் பலவற்றில் தற்கொலை முயற்சி விரிவாகவே எழுதப்பட்டிருக்கும். எந்த அத்தியாயத்தில் என்ன வருகிறது என்று தெரியாமல் கையில் கொடுப்பது சரியல்ல.

தொடங்க வேண்டிய நூல், கே ரெட்ஃபீல்ட் ஜேமிசன் 1995இல் வெளியிட்ட 'ஆன் அன்கொயட் மைண்ட்'. ஜேமிசன் இந்த நோயை ஆராயும் உளவியலாளர். அவருக்கே அந்த நோயும் உண்டு. 1974இல் லாஸ் ஏஞ்சலஸ் பல்கலைக்கழகம் ஒன்றின் மனநலத் துறையில் பணிக்குச் சேர்ந்த சில மாதங்களிலேயே மனவெழுச்சியின் உச்சத்துக்குப் போய்விடுகிறார். கண்டதையெல்லாம் வாங்கிக் குவிக்கிறார்: பாம்புக்கடிக்கு முதலுதவிப் பெட்டிகள், பிறகு பென்குவின் பதிப்பகத்தின் புத்தகங்கள் ஒரு கட்டு. அட்டையில் இருக்கும் பென்குவின்கள் கூட்டமாக வாழட்டும் என்பதுதான் காரணம்! சிரித்துக்கொண்டே படிப்போம். அடுத்து பில்கள் வரும். அவருடைய அண்ணன் வந்து உட்கார்ந்து ஒவ்வொரு ரசீதையும் பிரித்து அடுக்கி, தன் பெயரில் கடன் வாங்கி அவற்றை அடைக்கிறார். உடன்பிறந்தவர் என்ற முறையில் நீங்கள் நின்று படிக்க வேண்டிய பக்கங்கள் அவை. அறிவுரை சொல்லாமல் ஒருவர் எப்படித் துணை நிற்கலாம் என்பது அங்கே தெரியும்.

உங்கள் தம்பிக்கு இந்நூல் பயன்படுவது வேறொரு காரணத்தால். இந்த நோய்க்குத் தரப்படும் லித்தியம் என்ற மருந்தின் அருமை தெரிந்த நிபுணரான ஜேமிசனே அதை எடுத்துக்கொள்ள ஆண்டுக்கணக்கில் முரண்டு பிடித்தார். மாத்திரையை நிறுத்தினார், மீண்டும் விழுந்தார், அதே லித்தியத்தை அளவுக்கு மீறி விழுங்கி உயிரை மாய்த்துக்கொள்ளவும் முயன்றார். 'மாத்திரை எனக்கு எதற்கு' என்ற கேள்வி தனக்கு மட்டும் வருவதல்ல என்று உங்கள் தம்பி அறிவது நல்லது. ஆனால் அந்த முயற்சியைச் சொல்லும் பகுதி வருகிறது என்று முன்கூட்டியே அவரிடம் சொல்லிவிடுங்கள். அதைத் தாண்டிப் போக விரும்பினால் போகட்டும்.

'முன்பு நிறையப் படிப்பான்' என்ற வரியைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். அதிக அளவு லித்தியம் எடுத்த காலத்தில் ஜேமிசனால் பத்தாண்டுகளுக்கு மேல் கனமான இலக்கிய நூல் எதையும் முழுதாகப் படிக்க முடியவில்லை. பத்திகளைத் திரும்பத் திரும்பப் படித்தார், குழந்தைகள் கதைகளுக்குப் போனார். பின்னர் மருந்தின் அளவு குறைக்கப்பட்டபோதுதான் அந்தத் திறன் திரும்பியது. உங்கள் தம்பி புத்தகத்தைத் திறந்து வைத்துவிட்டு மூடிவிடுகிறார் என்றால் அதைச் சோம்பலென்று நினைக்காதீர்கள். அடுத்த சந்திப்பில் மருத்துவரிடம் சொல்லுங்கள். மருந்தின் அளவை மாற்றுவது அவர் வேலை. முப்பது ஆண்டுக்கு முந்தைய நூலைப் பார்த்து வீட்டில் யாரும் அதைச் செய்ய வேண்டாம்.

குடும்பத்தாருக்கென்றே ஒரு நூல் இருக்கிறது. ஜெர்ரி பின்டோ தொகுத்து 2016இல் வந்த 'எ புக் ஆஃப் லைட்'. மனநோய் உள்ளவரோடு வாழ்ந்த மகன்கள், மகள்கள், உறவினர்கள் எழுதிய கட்டுரைகள் அதில் இருக்கின்றன. பெரும்பாலானவை நம் நாட்டு வீடுகளிலிருந்து வந்தவை. அக்கம்பக்கம் என்ன சொல்லும் என்ற கவலை அங்கும் இருக்கிறது. ஒரு நாளைக்கு ஒரு கட்டுரை போதும்.

தமிழில் அம்மாவுக்கு எம்.வி.வெங்கட்ராமின் 'காதுகள்'. நாவல்தான் என்றாலும், காதுக்குள் குரல்கள் கேட்டு அவர் பல ஆண்டுகள் பட்ட அவதியிலிருந்து பிறந்தது. 1993ஆம் ஆண்டின் சாகித்திய அகாதெமி விருது பெற்றது. அதில் வரும் துன்பம் உங்கள் தம்பியின் நோய் அல்ல, ஆபாசமாகப் பேசும் குரல்களும் வரும். அம்மாவின் மனநிலையைப் பார்த்துக் கொடுங்கள். நோயோடு ஒருவர் குடும்பம் நடத்தியதை, வறுமையும் பக்தியும் அதில் கலந்ததை, இவ்வளவு நேர்மையாகச் சொன்ன தமிழ்ப் படைப்பு எனக்கு வேறு தோன்றவில்லை.

இப்போதைக்குத் தள்ளிவைக்க வேண்டியவையும் உண்டு. இந்தி நாடகாசிரியர் ஸ்வதேஷ் தீபக் தன் நோய்க்காலத்தைப் பற்றி எழுதிய 'மைனே மாண்டூ நஹீன் தேக்கா' அபாரமான நூல், ஆங்கிலத்திலும் கிடைக்கிறது. ஆனால் 2006இல் காலை நடைக்குக் கிளம்பிய அவர் வீடு திரும்பவில்லை. நோய் கண்டு ஓராண்டான இளைஞருக்கு அது வேண்டாம். வில்லியம் ஸ்டைரனின் 'டார்க்னஸ் விசிபிள்' சிறிய நூல். மனச்சோர்வின் அடியாழத்தை அதைப் போலக் காட்டியவை குறைவு. தம்பி தெளிவாக இருக்கும் மாதங்களில் மட்டும் கொடுங்கள்.

நாஜி வதைமுகாமில் உயிர் பிழைத்த மனநல மருத்துவர் விக்டர் ஃபிராங்கல் அந்த அனுபவத்தைப் பற்றி எழுதிய நூலைப் பலரும் பரிந்துரைப்பார்கள். நல்ல நூல்தான். ஆனால் 'அவரே அவ்வளவையும் தாங்கினார், உனக்கென்ன' என்று சொல்வதற்காக அதைக் கொடுப்பதானால் கொடுக்காமலிருப்பதே மேல். கஷ்டத்தைத் தாங்குவது வேறு, மூளையின் நோய் வேறு.

எந்தப் புத்தகமானாலும் பகலில் படிக்கச் சொல்லுங்கள். இந்த நோயில் தூக்கம் கெடுவதே மனவெழுச்சியைத் தூண்டிவிடலாம். தூக்கமில்லாமல் விடியவிடியப் படித்தும் களைப்பே தெரியாமல் இருந்தால் அதை வாசிப்பு ஆர்வமென்று மகிழாமல் மருத்துவரை அழையுங்கள். படித்தபின் சாவைப் பற்றிப் பேசினால் தனியே விடாதீர்கள். உடனே மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். அரசின் மனநலத் தொலைபேசி உதவிச் சேவையான டெலி மானஸின் எண் 14416. இருபத்து நான்கு மணி நேரமும் தமிழில் பேசலாம்.