எதிர்பாராத இணைசேர்க்கைக்குப் பிறகு: பெண் நாய் வளர்ப்போர் கேள்விகளும் பதில்களும்

கடலூர், புதுச்சேரி வட்டாரத்து நாய் வளர்ப்போர் அனுப்பிய கேள்விகளுக்கு, ஓய்வுபெற்ற கால்நடை மருத்துவர் ஒருவர் அளித்த பதில்கள் இவை.

கேள்வி (கூத்தப்பாக்கம், கடலூர்): ஐயா, எங்கள் லாப்ரடார் பெண் நாய்க்கு இரண்டு வயது. ஹீட் (இணைசேரும் பருவம்) தொடங்கிப் பன்னிரண்டாம் நாளான நேற்று, கேட் திறந்திருந்த நேரத்தில் தெரு நாய் ஒன்று உள்ளே வந்து இணைசேர்ந்துவிட்டது. கால் மணி நேரம் இரண்டும் ஒட்டிக்கொண்டே நின்றன. தண்ணீர் ஊற்றியும் பிரிக்க முடியவில்லை. சினையாகிவிடுமா? உடனே என்ன செய்ய வேண்டும்?

பதில்: சினையாகும் வாய்ப்பு அதிகம் என்று வைத்துக்கொண்டே முடிவெடுப்பது நல்லது. ஹீட்டின் முதல் ஒன்பது நாட்கள் அளவில் சிவப்பாகக் கசியும் உதிரம், அதன்பின் வெளிறி வைக்கோல் நிறத்துக்கு மாறும்போதுதான் பெண் நாய் ஆணை ஏற்கத் தொடங்கும். நீங்கள் சொல்லும் பன்னிரண்டாம் நாள் பெரும்பாலான நாய்களுக்கு அந்தக் காலத்தின் நடுவில் விழுகிறது. மேலும், ஆணின் விந்தணுக்கள் பெண் நாயின் உடலுக்குள் ஐந்து முதல் ஏழு நாட்கள் வரை உயிரோடு இருக்கக்கூடியவை என்பதால், கருமுட்டை இன்னும் வெளிப்படாதிருந்தால்கூடத் தப்பித்துவிட்டோம் என்று எண்ண இயலாது.

ஒட்டிக்கொண்டு நிற்கும் நாய்களைத் தண்ணீர் ஊற்றியோ தடியால் அடித்தோ பிரிக்க முயலக் கூடாது. ஆண் உறுப்பின் அடிப்பகுதி உள்ளேயே வீங்கிப் பூட்டிக்கொள்வதால் அவை அப்படி நிற்கின்றன; இழுத்தால் இரண்டுக்கும் காயமாகும், அதனால் சினை தடைபடப் போவதும் இல்லை. பிறகு உள்ளே கழுவிவிடுவதாலும் பயன் கிடையாது.

மருத்துவம் எதையும் இரவோடு இரவாகச் செய்தாக வேண்டிய அவசரம் உங்களுக்கு இல்லை. நாட்காட்டியில் அந்தத் தேதியைக் குறித்து வையுங்கள். இனி எடுக்கப்போகும் ஒவ்வொரு முடிவும் அதைக் கொண்டுதான் கணக்கிடப்படும். ஹீட் முற்றிலும் அடங்கும் வரை நாயைப் பூட்டிய அறையிலோ, நீங்கள் பிடித்திருக்கும் கயிற்றிலோ மட்டும் வைத்திருங்கள். ஏனெனில், இன்னும் சில நாட்களுக்கு அது வேறு ஆண்களையும் ஏற்கும், ஒரே ஈற்றில் இரண்டு தகப்பன்களின் குட்டிகள் பிறப்பதும் உண்டு. உங்கள் நாயின் உடலிலோ, பிரிக்கப் போனவர் கையிலோ பல் பட்ட காயம் இருந்தால், சோப்புப் போட்டு ஓடும் நீரில் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு, வெறிநோய்த் தடுப்பூசிக்கு அன்றே செல்லுங்கள். எல்லோரும் சினையைப் பற்றியே கவலைப்படுவதால் இந்தக் காயத்தைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

இன்னொன்றும் கவனத்தில் இருக்க வேண்டும். தெரு நாய்களிடமிருந்து இணைசேர்க்கை வழியாகவே பரவும் பிறப்புறுப்புக் கட்டி ஒன்று நம் ஊர்களில் மிகச் சாதாரணம். ஹீட் முடிந்து வாரங்களோ மாதங்களோ கழித்து, பிறப்புறுப்பிலிருந்து சொட்டுச் சொட்டாக ரத்தம் வந்தாலோ, காலிஃபிளவர் போன்ற சதை தென்பட்டாலோ, அதை அடுத்த ஹீட் என்று எண்ணிவிடாதீர்கள். வாரம் ஒரு முறை செலுத்தப்படும் வின்கிறிஸ்டின் ஊசியால் பெரும்பாலான நாய்களில் அது முழுமையாகக் குணமாகிறது.

கேள்வி (அதே அன்பர்): தெரிந்த ஒருவர், ஒரே ஒரு ஊசி போட்டால் கரு தங்காது என்கிறார். மனிதர்களுக்கான 72 மணி நேர மாத்திரையைக் கொடுக்கலாமா என்றும் வீட்டில் கேட்கிறார்கள்.

பதில்: மாத்திரை வேண்டாம், மனிதர்களின் சுழற்சியைக் கருதிச் செய்யப்பட்ட மருந்து நாயின் சுழற்சிக்குப் பொருந்தாது. "ஒரே ஊசி" என்று சொல்லப்படுவது பெரும்பாலும் ஈஸ்ட்ரோஜன் ஊசியாக இருக்கும். அது எலும்பு மஜ்ஜையைச் செயலிழக்கச் செய்து மீளாத ரத்தசோகையில் தள்ளக்கூடியது. கருப்பையில் சீழ் கட்டவும் வழிவகுக்கும். சினையாகியிருக்கிறதா என்றே தெரியாத நாய்க்கு அந்த ஆபத்தை ஏற்றுவது எனக்கு உடன்பாடில்லை.

பாதுகாப்பான மருந்து வழி என்று இன்று கருதப்படுவது அக்லெப்ரிஸ்டோன். சினையைத் தாங்கும் ஹார்மோனான புரோஜெஸ்டிரோனை வேலை செய்ய விடாமல் தடுக்கும் இந்த மருந்தை 24 மணி நேர இடைவெளியில் இரண்டு முறை, இணைசேர்ந்து 45 நாட்கள் வரை செலுத்தலாம். பின்னர் ஸ்கேன் எடுத்துக் கருப்பை காலியாகிவிட்டதை உறுதிசெய்ய வேண்டும். எல்லா இடத்திலும் அது கைவசம் இருக்காது என்பதால், உங்கள் மருத்துவரிடம் முன்கூட்டியே விசாரியுங்கள்.

எனினும், இந்த நாயிடமிருந்து ஒருபோதும் குட்டி எடுக்கப் போவதில்லை என்பது உங்கள் முடிவானால், ஹீட் அடங்கி மூன்று நான்கு வாரங்களில் கருப்பையையும் சினைப்பைகளையும் நீக்கும் கருத்தடை அறுவையே சிறந்தது என்பேன். ஹீட்டின்போதே செய்தால் ரத்தக் குழாய்கள் புடைத்திருக்கும்; மிகவும் தள்ளிப்போட்டால் கருப்பை பெருத்துவிடும்; இரண்டுக்கும் இடைப்பட்ட காலம் இது. வளரும் கருவை அழிப்பது பாவமாயிற்றே என்று தயங்குவோரின் மனத்தை நான் குறை கூற மாட்டேன். ஆனால், அப்படித் தயங்குவோர் பிறக்கப்போகும் ஏழெட்டுக் குட்டிகளுக்கும் வீடு தேடும் பொறுப்பைச் சேர்த்தே ஏற்றாக வேண்டும்.

கேள்வி (நெல்லிக்குப்பம்): சினையை வீட்டிலேயே சிறுநீர்ப் பட்டையில் பார்க்க முடியுமா?

பதில்: முடியாது. அந்தப் பட்டை கண்டறியும் ஹார்மோன் நாய்களுக்குச் சுரப்பதே இல்லை. இணைசேர்ந்து 25 முதல் 30 நாட்களுக்குள் ஸ்கேன் எடுத்தால் இதயத் துடிப்பே தெரிந்துவிடும். குட்டிகளின் எண்ணிக்கை வேண்டுமானால் 55 நாள் அளவில் எக்ஸ்ரே எடுங்கள். எத்தனை என்று தெரிந்திருந்தால், ஈனும் நாளில் இன்னும் ஒன்று உள்ளே இருக்கிறதா என்று தவிக்க வேண்டியதில்லை.

கேள்வி (லாஸ்பேட்டை, புதுச்சேரி): எங்கள் ஸ்பிட்ஸ் ஹீட் முடிந்து இரண்டு மாதமாகிறது. காம்புகள் வீங்கிப் பாலும் வருகிறது. பிள்ளைகளின் செருப்பைக் கட்டிலுக்கு அடியில் கொண்டுபோய்க் காவல் காக்கிறது. ஸ்கேனில் குட்டி இல்லை என்கிறார்கள். ஸ்கேன் தவறாக இருக்குமா?

பதில்: ஸ்கேன் சரிதான், இது பொய்ச்சினை. நாய்களில், சினையானாலும் ஆகாவிட்டாலும் ஹீட்டுக்குப் பின் இரண்டு மாதம் புரோஜெஸ்டிரோன் ஏறத்தாழ ஒரே அளவில் சுரந்து, பிறகு வடிகிறது. அது வடியும்போது சில நாய்களின் உடல் குட்டி ஈன்றதாகவே நடந்துகொள்ளும். காம்புகளைப் பிழியாதீர்கள், எண்ணெய் தடவி நீவாதீர்கள். தூண்டத் தூண்டப் பால் சுரக்கும். இரண்டு மூன்று வாரங்களில் தானாகவே அடங்கிவிடும்.

அதே காலத்தில்தான் கருப்பையில் சீழ் கட்டும் நோயும் வருவதால், ஓர் எச்சரிக்கை சொல்ல வேண்டியிருக்கிறது. நாய் வழக்கத்துக்கு மாறாகத் தண்ணீர் குடிப்பது, உணவை மறுப்பது, வாந்தி, பிறப்புறுப்பில் நாற்றமடிக்கும் கசிவு ஆகியவற்றில் எது தெரிந்தாலும் அன்றே மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லுங்கள். கசிவே இல்லாமல் வயிறு மட்டும் பெருக்கும் வகை இன்னும் ஆபத்தானது.

கேள்வி (ரெட்டியார்பாளையம்): எங்கள் ராஜபாளையம் ஆண் நாய் மதிலைத் தாண்டிப் பக்கத்து வீட்டு நாயோடு இணைசேர்ந்துவிட்டது. அதனால் ஆகும் செலவில் பாதியை அவர்கள் கேட்கிறார்கள். ஹீட்டில் இருந்த நாயைக் கட்டி வைக்காதது அவர்கள் தவறல்லவா?

பதில்: அவர்களும் தங்கள் நாயைக் கட்டி வைத்திருக்க வேண்டும்தான்; ஆனால், மதிலைத் தாண்டி வந்தது உங்கள் நாய். பாதிச் செலவு நியாயமான கோரிக்கை என்றே நினைக்கிறேன். விலங்குகள் இனப்பெருக்கக் கட்டுப்பாட்டு விதிகள் 2023இன்படி, வீட்டு நாய்க்குத் தடுப்பூசியும் கருத்தடையும் செய்விப்பது அதை வளர்ப்பவரின் பொறுப்பாகும். அதில் ஆண் நாய்க்கு விலக்கு இல்லை. விதை நீக்கிய பிறகும் ஏறத்தாழ ஆறு வாரங்கள் வரை பழைய விந்தணுக்கள் எஞ்சியிருக்கலாம் என்பதால், அதுவரை நாயை அவிழ்த்துவிடாதீர்கள்.

கேள்வி (அரியாங்குப்பம்): ஒரே ஈற்றில் பிறந்த ஆணும் பெண்ணும் ஒன்றாக வளர்கின்றன, ஐந்து மாதமாகிறது. உடன்பிறந்தவை சேருமா?

பதில்: சேரும். ஆறாம் மாதத்திலேயே முதல் ஹீட் வரலாம். இன்றே தனித்தனியாக வையுங்கள். ஒரு முறையாவது ஈன்றால்தான் உடல் நன்றாயிருக்கும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். முதல் ஹீட்டுக்கு முன்போ அதையொட்டியோ கருத்தடை செய்த நாய்களுக்கு மார்புக் கட்டி வரும் வாய்ப்பு குறைவு. பெரிய இனங்களுக்கு எலும்பு வளர்ச்சியைக் கருதிச் சற்றுத் தள்ளிச் செய்வார்கள்.

கேள்வி (திருப்பாதிரிப்புலியூர்): எங்கள் பக் இனப் பெண் நாய், நாட்டு நாய் ஒன்றால் சினையாகி நாற்பது நாட்கள் ஆகின்றன. குட்டிகளை ஈனவிடுவதென்று முடிவு செய்துவிட்டோம். பால், கால்சியம் டானிக் எல்லாம் கொடுத்து வருகிறோம். இனி அசல் குட்டி பிறக்காது என்கிறார்களே?

பதில்: கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்கிறேன்: இந்த ஈற்றின் தகப்பனுக்கும் அடுத்த ஈற்றின் குட்டிகளுக்கும் எந்தத் தொடர்பும் கிடையாது.

கால்சியம் டானிக்கை நிறுத்துங்கள். வெளியிலிருந்து கால்சியம் கொடுத்துக்கொண்டே இருந்தால், எலும்பிலிருந்து அதை எடுத்துக்கொள்ளும் உடலின் இயல்பு மந்தமாகிவிடும்; ஈன்ற பின் பால் சுரப்பு உச்சத்துக்கு வரும் இரண்டு மூன்று வாரங்களில், ரத்தத்தில் கால்சியம் திடீரென இறங்கி, நடுக்கமும் கால் விறைப்பும் வலிப்பும் வரும். சிறிய இனங்களில் இது உயிரைப் பறிக்கும் அவசர நிலை. உணவை ஆறாம் வாரத்திலிருந்து சிறிது சிறிதாகக் கூட்டி, சிறு சிறு வேளைகளாகக் கொடுத்தால் போதும். உண்ணிக் காய்ச்சலுக்கு வழக்கமாகக் கொடுக்கும் டாக்ஸிசைக்ளின் உட்பட எந்த மருந்தையும் சினை என்பதைச் சொல்லாமல் வாங்காதீர்கள்.

தட்டை முகமும் பெரிய தலையும் கொண்ட பக் இயல்பாக ஈனுவது பல நேரங்களில் கடினமாகிவிடுகிறது. ஆகவே, இரவிலும் அறுவை செய்யக்கூடிய இடம் எது என்பதை இப்போதே பேசி வையுங்கள். ஐம்பத்தெட்டாம் நாளிலிருந்து ஆசனவாயில் வெப்பமானி வைத்து நாளுக்கு இருமுறை அளந்து வாருங்கள். வழக்கமாக 101 டிகிரிக்கு மேல் இருக்கும் வெப்பம் 99க்குக் கீழே இறங்கினால், பெரும்பாலும் ஒரு நாளுக்குள் ஈனும். அரை மணி நேரம் கடுமையாக முக்கியும் குட்டி வராவிட்டாலோ, முதல் குட்டிக்கு முன்பே கரும்பச்சை நீர் வெளிப்பட்டாலோ, ஒரு குட்டிக்கும் அடுத்ததற்கும் இடையே இரண்டு மணி நேரம் கடந்தாலோ காத்திருக்காதீர்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் ஈனும் நாய்க்குத் தரை ஈரமில்லாத, காற்று வீசாத மூலை வேண்டும். முதல் வாரத்தில் குட்டிகளுக்குக் குளிரில் நடுங்கிச் சூடேற்றிக்கொள்ளும் திறன் கிடையாது.

கேள்வி (வில்லியனூர்): எதிர்பாராமல் பிறந்த ஆறு குட்டிகளுக்கு ஒரு மாதம் ஆகிறது. ஆண் குட்டிகள் இரண்டையும் கேட்கிறார்கள். பெண் குட்டிகளை யாரும் கேட்கவில்லை. மார்க்கெட் பக்கம் விட்டால் யாராவது எடுத்துக்கொள்வார்கள் என்கிறார் என் மாமனார்.

பதில்: எடுத்துக்கொள்ள மாட்டார்கள். பால் மறவாத குட்டி அங்கே பசியிலும் வண்டிச் சக்கரத்திலும் பார்வோ நோயிலும்தான் முடியும். பிழைத்த பெண் குட்டி அடுத்த ஆண்டே அதே இடத்தில் ஈனும். பட்டினி கிடக்கும்படி விலங்கைக் கைவிடுவது 1960ஆம் ஆண்டின் விலங்கு வதைத் தடுப்புச் சட்டப்படி குற்றமாகும். முதல் குற்றத்துக்கு அபராதம் பத்து முதல் ஐம்பது ரூபாய்தான் என்பதால் சட்டத்தைக் காட்டி உங்கள் மாமனாரை அச்சுறுத்த முடியாது. குட்டிகளுக்கு நேரும் என்று நான் மேலே சொன்ன கதியை அவரிடம் எடுத்துச் சொல்லுங்கள்.

ஆண் குட்டிகளைக் கேட்டவர்களிடமும் எட்டு வாரம் நிறைவதற்கு முன் கொடுக்க வேண்டாம். தாயிடமும் உடன்பிறப்புகளிடமும் கடிக்கும் அளவைக் கற்கும் பருவம் அது. இரண்டாம் வாரத்தில் தொடங்கியிருக்க வேண்டிய குடற்புழு மருந்து கொடுக்கப்படவில்லையெனில் இந்த வாரமே கொடுங்கள். ஆறு முதல் எட்டு வாரத்துக்குள் முதல் தடுப்பூசி, மூன்று மாதத்தில் வெறிநோய்த் தடுப்பூசி. பெண் குட்டியை மக்கள் மறுப்பதற்குக் காரணம் ஹீட்டும் குட்டிகளும்தான் என்பதால், ஆறாம் மாதத்தில் கருத்தடைச் செலவு உங்களுடையது என்று முன்வந்து சொல்லுங்கள், கேட்பவர்கள் வருவார்கள். குரும்பாப்பேட்டில் உள்ள ராஜீவ் காந்தி கால்நடை மருத்துவக் கல்வி நிறுவனத்தின் மருத்துவமனை உங்களுக்குப் பக்கம்தான், அங்கே விசாரியுங்கள். குட்டிகள் பால் மறந்து மடி வற்றியதும் தாய்க்கும் அங்கேயே நாள் வாங்கிவிடுங்கள், ஏனெனில் அடுத்த ஹீட்டுக்கு அதிக மாதங்கள் இல்லை.