கொடைக்கு வேட்டுப் போட்டால் நாய் நடுங்குகிறதே!

கேள்வி: எங்கள் அம்மன் கோயில் கொடை விழாவுக்கு இன்னும் ஐந்து வாரம் இருக்கிறது. வேட்டுச் சத்தம் கேட்டாலே எங்கள் கன்னி இன நாய் கட்டிலுக்கு அடியில் போய் நடுங்குகிறது. போன கொடையில் கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடி மறுநாள்தான் கிடைத்தது. பிள்ளைகளுக்கு உரைப்பதுபோல ஜாதிக்காய் உரைத்துக் கொடு என்கிறார் அத்தை. கொடுக்கலாமா?
– வாசகி, சேரன்மகாதேவி

பதில்: அத்தை கோபித்தாலும் பரவாயில்லை, வேண்டாம். ஜாதிக்காயில் உள்ள மிரிஸ்டிசின் என்ற பொருள் நாய்க்கு ஆகாது; அளவு கூடினால் படபடப்பு, தள்ளாட்டம், வலிப்பு வரை போகும். கள், பிராந்தியும் கூடாது.

ஐந்து வாரம் இருப்பது நல்லது. வேட்டும் நையாண்டி மேளமும் பதிவான ஒலியைப் போனில் எடுத்து, நாய் காதை மட்டும் லேசாகத் திருப்பும் அளவுக்குச் சத்தத்தைக் குறைத்து, தினம் இரண்டு வேளை ஐந்து நிமிடம் போடுங்கள். கூடவே உப்பு, வெங்காயம் சேர்க்காமல் வேகவைத்த கோழித்துண்டு கொடுங்கள். இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை சத்தத்தை ஒரு புள்ளி கூட்டலாம். கறியைத் தொடாமல் முகத்தைத் திருப்பினால் அவசரப்பட்டுவிட்டீர்கள். பழைய அளவுக்கு இறங்குங்கள். வேட்டின் அதிர்வு போன் ஸ்பீக்கரில் வராது என்பதால் இது பாதிக் கிணறுதான்.

மீதிக்கு, பயத்தைத் தணிக்க உடம்பைச் சுற்றிக் கட்டும் துணிக்கட்டு. பழைய நூல் சேலையில் ஒரு சாண் அகலம், இரண்டு மீட்டர் நீளம் கிழித்துக்கொள்ளுங்கள். நடுப்பகுதியை நெஞ்சில் வைத்து, இரு முனைகளையும் தோளுக்கு மேலே கொண்டுவந்து முதுகில் குறுக்காக மாற்றி, வயிற்றுக்கடியில் மறுபடி மாற்றி, மேலே ஏற்றி முடிச்சுப் போடுங்கள். முடிச்சு முதுகெலும்பின்மேல் வேண்டாம், ஓரமாக இருக்கட்டும். துணிக்குள் இரண்டு விரல் நுழைய வேண்டும். பலரும் வேட்டுத் தொடங்கிய பிறகுதான் துணியை எடுக்கிறார்கள். அப்புறம் துணியைக் கண்டாலே நாய் ஓடும். அமைதியான நாளில் பத்துப் பத்து நிமிடம் கட்டிப் பழக்குங்கள். எல்லா நாய்க்கும் இது பலிக்காது. நம்மூர் வெக்கையில் அரை மணிக்குமேல் வைக்காதீர்கள். பயத்திலும் மூச்சு இரைக்கும், சூட்டிலும் இரைக்கும். ஈறு செக்கச்செவேல் என்றிருந்தால் உடனே துணியை அவிழ்த்துவிடுங்கள்.

கொடையன்று விடியுமுன் நாயை நன்றாக நடக்கவிட்டு, மதியக் கொடைக்கு மூன்று மணி நேரம் முன்பே சோறு வைத்துவிடுங்கள். சாமக் கொடைக்கும் அப்படியே. ஜன்னல் சாத்திய உள்ளறை, ஓடும் ஃபேன், தண்ணீர், கட்டிலைச் சுற்றித் தொங்கும் போர்வை போதும். ஒளிந்திருப்பதை வெளியே இழுக்காதீர்கள். சங்கிலி போட்டால் கழுத்து இறுகும், போடாதீர்கள். கதவைத் தாழிட்டு, கழுத்துப் பட்டையில் போன் நம்பர் எழுதுங்கள். தடவிக்கொடுத்தால் பயம் கூடும் என்பது வெறும் பேச்சு. பக்கத்தில் உட்கார்ந்து தடவுங்கள்.

கயிறு அறுக்கும் அளவு பயத்துக்கு மாத்திரையும் தேவைப்படலாம். இராமையன்பட்டி கால்நடை மருத்துவக் கல்லூரியிலோ பக்கத்து மருத்துவரிடமோ இரண்டு வாரம் முன்பே காட்டுங்கள்; மாத்திரையை ஒருமுறை கொடுத்துப் பார்க்க நாள் வேண்டும்.

கேள்வி: ஆட்டோவில் பூனை கத்தித் தீர்க்கிறது. கூடைக்குள் குப்பைமேனி வேர் வைக்கலாமா?
– வாசகர், பாளையங்கோட்டை

பதில்: பூனைவணங்கி என்ற பேரே அதற்கு உண்டு. ஆனால் அந்த வேர் வாசனைக்குப் பூனை புரண்டு துள்ளும், அடங்காது. ஆட்டோவுக்கு அது தோதுப்படாது. பூனையின் கன்னத்தில் தேய்த்த பழைய துண்டைக் கூடைக்குள் விரித்து, ஒரு வாரம் வீட்டிலேயே திறந்து வையுங்கள். போகும்போது மேலே துணி போர்த்துங்கள். யூகலிப்டஸ் தைலம், கற்பூரம் பக்கமே போகவேண்டாம். பூனையின் ஈரலால் அவற்றைச் சரிவர முறிக்க முடியாது.