மிஸி அக்கா பதில்கள்: போத்தலுக்குள் குமிழி

கேள்வி: அக்கா, அப்பா திருக்கடலூரில் கடற்தொழில் செய்தவர். சுருட்டை விட்டது போன மாதம்தான். புற்றுநோய் என்று வலது நுரையீரலின் மேற்சோணையை, அதாவது மேல் பகுதியை, எடுக்கப் போகிறார்கள். இதே ஒப்பரேஷன் செய்த பக்கத்து வீட்டு மாமா, நுரையீரலிலிருந்து காற்றுக் கசிவு நிற்காமல் இரண்டு கிழமை நெஞ்சில் குழாயும் அது போய்ச் சேரும் தண்ணீர்ப் போத்தலுமாகக் கிடந்தார். அப்பாவுக்கு அப்படி வராமல் தடுக்க வழி இல்லையா?
– ஒரு மகள், திருகோணமலை

பதில்: தங்கச்சி, வராது என்று எந்த டொக்டரும் சத்தியம் செய்யமாட்டார். ஆனால் நெஞ்சை மூடுவதற்கு முன்பே அதற்கான வேலை நிறைய நடக்கும். தியேட்டரில் பக்கத்தில் நின்றவள் சொல்கிறேன்.

வலது நுரையீரலில் மூன்று சோணைகள். சிலருக்கு அவை சரியாகப் பிரியாமல் ஒட்டியிருக்கும். பிய்த்துப் பிரித்தால் பிய்ந்த இடமெல்லாம் காற்று கசியும். அதனால் ஸ்ரேப்ளர் போட்டு, தைத்தபடியே வெட்டுவார்கள். சுருட்டுக் குடித்த நுரையீரல் நைந்த துணி மாதிரி, ஊசித் துளையே கிழியும். அப்படியானவர்களுக்குத் தையல் வரிசையோடு, கிழியாமல் தாங்க ஒரு பட்டியும் வைப்பதுண்டு.

அப்புறம்தான் எனக்குப் பிடித்த கட்டம். நெஞ்சுக்குள் இளஞ்சூட்டுச் சேலைன் ஊற்றி, மயக்கமருந்து டொக்டரை நுரையீரலை ஊதச் சொல்வார்கள். எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு தண்ணீரையே பார்ப்போம். குமிழி கிளம்பும் இடத்தில் தையல் விழும். என் அப்பா சைக்கிள் கடை வைத்திருந்தவர். ரியூபைப் பேசினுக்குள் அமுக்கி அவர் ஓட்டை தேடியதும் இப்படித்தான்.

மேற்சோணைக்குப் போகும் மூச்சுக்குழாய்க் கிளையை வெட்டிய நுனிக்கும் அதே சோதனைதான். அங்கே தையல் பிரிவது அரிது, பிரிந்தால் ஆபத்து. நுனியைக் கட்டையாக விட்டு, அதற்கு வரும் இரத்த ஓட்டத்தைக் கெடுக்காமல் பார்ப்பார்கள். ஏற்கெனவே கதிர்ச்சிகிச்சை பெற்றவர் என்றால், விலா இடைத்தசையில் ஒரு துண்டைத் திருப்பி அதன்மேல் போர்த்துவதும் உண்டு. மேற்சோணை போன வெற்றிடத்தில் நடுச்சோணை முறுக்கிக்கொள்ளாதபடி கீழ்ச்சோணையோடு பிணைத்துவிடுகிறவர்களும் இருக்கிறார்கள். உங்கள் டொக்டரிடம் இதைக் கேட்கலாம், கோபிக்கமாட்டார்.

இவ்வளவும் செய்தாலும் முதல் சில நாள் இருமும்போது போத்தலில் குமிழி வரும். அதைப் பார்த்து அழவேண்டாம். 5 நாளுக்கு மேல் போனால்தான் நீடித்த கசிவு என்பார்கள். அதுவும் பெரும்பாலும் தானாகவே அடைபடும். போத்தல் எப்போதும் நெஞ்சுக்குக் கீழேதான் இருக்கவேண்டும். பார்க்க வருகிற சொந்தக்காரர் யாராவது, இடைஞ்சலாக இருக்கிறதென்று அதைத் தூக்கிக் கட்டிலில் வைப்பார். வாசலிலேயே சொல்லி அனுப்புங்கள்.