துளை கெடாமல் அழுக்கு நீங்க வேண்டும்: கார்புரேட்டர் குறித்த வாசகர் கேள்விகள்

கேள்வி: பல ஆண்டுகளாக ஓடாமல் நின்றிருந்த என் தந்தையின் மொபெட்டை மறுபடியும் ஓட்ட வேண்டும் என்ற ஆசையில், பெட்ரோலையும் காற்றையும் கலந்து எஞ்சினுக்கு அனுப்பும் கார்புரேட்டரைக் கழற்றினேன். மிதவைக் கிண்ணத்தின் அடியில் பழுப்பு நிறப் பிசினும், உடற்பகுதியில் வெள்ளைப் பொடியும், பெட்ரோலை அளந்து விடும் நுண்துளை கொண்ட பித்தளை ஜெட்டுகளின் மேல் பச்சைக் களிம்பும் படிந்திருக்கின்றன. எல்லாவற்றையும் வினிகரில் இரவு முழுக்க ஊறவைக்கும்படி ஒருவர் சொல்கிறார். தையல் ஊசியால் துளைகளைக் குத்திவிட்டால் போதும் என்கிறார் இன்னொருவர். எதைச் செய்யலாம்?

பதில்: இரண்டையும் செய்ய வேண்டாம். அடைத்த அழுக்கை இன்றில்லாவிட்டால் நாளை கரைத்துவிடலாம். ஊசி அகலப்படுத்திய துளையையும் வினிகர் அரித்த உலோகத்தையும் பழையபடி ஆக்க முடியாது. வேலை முடியும்வரை இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் பார்த்த மூன்றும் மூன்று வேறு பொருள்கள். கிண்ணத்தில் தேங்கிய பெட்ரோலின் எளிதில் ஆவியாகும் பகுதிகள் பறந்துபோக, மிஞ்சியவை காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து முதலில் பிசினாகவும், நாள்பட நாள்பட வார்னிஷ் போன்ற கெட்டிப் படலமாகவும் மாறிவிடுகின்றன. இரண்டு ஸ்ட்ரோக் வண்டியாக இருந்தால் கலந்து ஊற்றிய எண்ணெயும் அதனுடன் சேர்ந்திருக்கும். வெள்ளைப் பொடி உலோக அரிப்பினால் வந்தது: பெரும்பாலான சிறிய கார்புரேட்டர்களின் உடற்பகுதி துத்தநாகக் கலவையிலோ அலுமினியக் கலவையிலோ வார்க்கப்பட்டது, பெட்ரோலைவிடக் கனமான நீர் கிண்ணத்தின் அடியில் தங்கி அதை அரிக்கிறது. எத்தனால் கலந்த பெட்ரோல் காற்றின் ஈரத்தை ஈர்க்கும் என்பதால் அதை ஊற்றி நிறுத்திய வண்டிகளில் இந்த அரிப்பு கூடுதலாக இருக்கும். பச்சைக் களிம்பு பித்தளையில் உள்ள செம்பிலிருந்து வருவது. பிசின் கார்புரேட்டர் கிளீனர் போன்ற கரைப்பானில் கரையும்; மற்ற இரண்டும் அத்தகைய கரைப்பான்களில் கரையாது. ஒரே திரவத்தில் எல்லாவற்றையும் போட்டுவிட்டுக் காத்திருப்பவர்கள் ஏமாறுவதற்கு இதுதான் காரணம்.

பிரிப்பதற்கு முன்பே சில குறிப்புகளை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். காற்றின் அளவைக் கூட்டிக் குறைக்கும் காற்றுத் திருகை மெல்ல உள்ளே திருகி, அது லேசாகத் தட்டும் வரை எத்தனை சுற்று போகிறது என்று எண்ணிக் குறித்த பிறகே வெளியே எடுங்கள். இறுக்கினால் அதன் கூர்முனையும் அது உட்காரும் இடமும் கெடும். ஆக்சிலரேட்டரைத் திருகும்போது ஏறி இறங்கும் ஸ்லைடில் ஊசி உள்ள வகையானால், அதன் கிளிப் எந்தப் பள்ளத்தில் மாட்டியிருக்கிறது என்பதையும் எழுதுங்கள். கிண்ணத்தில் பெட்ரோல் மட்டத்தைக் காக்கும் மிதவையைத் தாங்கும் குச்சியைத் தட்டி எடுக்கும்போது மிகுந்த பொறுமை தேவை, ஏனென்றால் அதைப் பிடித்திருக்கும் இரண்டு சிறு தூண்களும் உடற்பகுதியோடு சேர்த்து வார்க்கப்பட்டவை, ஒன்று முறிந்தாலும் முழுக் கார்புரேட்டரும் வீண்தான். ஜெட்டின் பிளவில் சரியாகப் பொருந்தும் அகலமுள்ள ஸ்குரூடிரைவரை மட்டும் பயன்படுத்துங்கள். அசையாத ஜெட்டின் மீது துரு இளக்கும் எண்ணெயை ஒரு நாள் ஊறவிட்டு, பிறகு பெட்ரோல் வாடையே இல்லாதபடி கழுவிய உடற்பகுதியின் மேல் வெந்நீரை ஊற்றித் திருப்பிப் பாருங்கள். துத்தநாகக் கலவையும் அலுமினியமும் சூட்டில் பித்தளையைவிட அதிகமாக விரிவதால் பிடி தளர்ந்து கொடுக்கும். நெருப்பைக் காட்டவே கூடாது.

ரப்பர் வளையங்கள், கேஸ்கெட், பிளாஸ்டிக் மிதவை, ரப்பர் முனை உள்ள ஊசி வால்வு (மிதவை உயர்ந்ததும் பெட்ரோல் வரத்தை மூடுவது) ஆகியவற்றைக் கரைப்பானில் போடாமல் தனியே எடுத்து வையுங்கள். வீரியமான கார்புரேட்டர் கிளீனரில் இவை ஊதிப் பெருத்துவிடும் அல்லது உருகிவிடும். எஞ்சிய உலோகப் பாகங்களை முதலில் மண்ணெண்ணெயில் ஊறவைத்து, பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்தால் எண்ணெய்ப் பசையும் மண்ணும் போய்விடும். கெட்டிப்பட்ட வார்னிஷ் மண்ணெண்ணெய்க்கு மசியாது. அதற்குக் கார்புரேட்டர் கிளீனரைத் தெளித்து, கால் மணி நேரம் விட்டு, மறுபடியும் தெளித்துத் துடைக்க வேண்டும்; மூன்று நான்கு முறை செய்ய நேர்ந்தால் சலிக்காமல் செய்யுங்கள். பெட்ரோலில் கழுவும் பழக்கம் பலரிடம் உண்டு. பெட்ரோல் உறையும் குளிரில்கூடத் தீப்பற்றக்கூடிய ஆவியை விடுவது, அந்த ஆவி காற்றைவிடக் கனமானதால் தரையோடு பரவித் தொலைவிலுள்ள தீப்பொறியையும் எட்டும் என்பதால், அதை நான் பரிந்துரைப்பதில்லை. எந்தக் கரைப்பானானாலும் திறந்த வெளியில், கண்ணாடியும் கையுறையும் அணிந்து வேலை செய்யுங்கள். தெளிக்கும் கிளீனர் ஒரு துளையில் நுழைந்து எதிர்பாராத இன்னொரு துளை வழியே நேராகக் கண்ணுக்குப் பாயும்.

இனி ஜெட்டுகள். எளிய மொபெட் கார்புரேட்டரில் பெரும்பாலும் ஒரே ஒரு மெயின் ஜெட்தான் இருக்கும். சிலவற்றில் மெதுவான ஓட்டத்துக்கென்று பைலட் ஜெட் ஒன்றும் உண்டு. ஜெட்டின் மேல் பொறித்திருக்கும் எண் சில தயாரிப்பாளர்களின் முறைப்படி துளையின் விட்டத்தை மில்லிமீட்டரின் நூறில் ஒரு பங்குகளாகக் காட்டுவது: 60 என்றால் 0.60 மில்லிமீட்டர். ஊசி அதை 0.63 ஆக்கினால் என்ன ஆகும் என்று கணக்குப் பாருங்கள். கூடியது தலைமுடியின் கனத்தில் பாதிகூட இல்லை. ஆனால் துளையின் பரப்பு 10 விழுக்காடு கூடிவிடுகிறது. வண்டி புகையும், பிளக் கறுக்கும், பெட்ரோல் வீணாகும். எஃகு ஊசி பித்தளையைவிடக் கடினமானது. அழுக்கைத் தள்ளுவதாக நாம் நினைத்துக்கொண்டிருக்கும்போதே அது சுவரைச் சுரண்டிக்கொண்டிருக்கும். அப்படிக் குத்தப்பட்டு நீள்வட்டமாகிப்போன ஜெட்டுகள் பலவற்றை என் மேசையில் பார்த்திருக்கிறேன். ஒவ்வொரு முறையும் வருத்தமாக இருக்கிறது, ஏனெனில் ஒரு நாள் பொறுத்திருந்தால் அவை தப்பியிருக்கும்.

எதிர்த்திசைக் கணக்கு இன்னும் கவலைக்குரியது. அதே 0.60 துளையின் சுவரில் சுற்றிலும் 0.05 மில்லிமீட்டர் வார்னிஷ் மிஞ்சியிருந்தால் விட்டம் 0.50 ஆகிறது, பரப்பில் ஏறத்தாழ 30 விழுக்காடு போய்விடுகிறது. வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் துளை திறந்திருப்பதாகவே தெரியும், வண்டியும் ஸ்டார்ட் ஆகும். எண்ணெயைப் பெட்ரோலோடு கலந்து ஊற்றும் இரண்டு ஸ்ட்ரோக் எஞ்சினில் பெட்ரோல் குறைந்தால் எண்ணெயும் கூடவே குறைகிறது. கலவையில் பெட்ரோல் குறைந்து சூடு ஏறும் நேரத்தில் உயவும் இல்லாமல் போவதால் பிஸ்டன் சிலிண்டரில் இறுகிப்பிடிக்க இடமாகிறது. முழுவதும் அடைபட்ட ஜெட்டைவிட அரைகுறையாகத் திறந்த ஜெட்தான் எஞ்சினுக்கு ஆபத்து.

ஆகவே ஜெட்டைக் கிளீனரில் சில மணி நேரம் மூழ்கவிட்டு, பெட்ரோல் பாயும் திசைக்கு எதிர்த்திசையில் காற்றடியுங்கள். அடைப்பு விடாவிட்டால் மீன்பிடிக்கும் நைலான் நரம்பையோ, பல இழைகளால் ஆன மின்கம்பியிலிருந்து பிரித்த ஒற்றைச் செப்பு இழையையோ நுழைத்து மெல்ல அசைக்கலாம். செம்பு பித்தளையைவிட மென்மையானது, இழையும் துளையைவிட மிக மெல்லியது. சுற்றிச் சுழற்றாமல் நேராக உள்ளே விட்டு நேராக எடுங்கள். கடைசியில் துளை சுத்தமான வட்டமாக, விளிம்பில் நிழலே இல்லாமல் தெரிய வேண்டும். பூதக்கண்ணாடி வைத்துப் பார்ப்பது மிகையன்று. அப்படியும் மனம் ஒப்பவில்லையென்றால் அதே எண் கொண்ட புது ஜெட்டை மாற்றிவிடுங்கள்.

உடற்பகுதிக்குள் ஓடும் மெல்லிய வழிகளைத்தான் பலர் மறந்துவிடுகிறார்கள். ஒவ்வொரு துளையிலும் கிளீனரின் மெல்லிய குழலை வைத்து அழுத்தி, அது எங்கே வெளிவருகிறது என்று பாருங்கள். எங்கும் வராத துளை அடைபட்டிருக்கலாம். காற்றடிக்கும்போது மிதவை உள்ளே இருக்கவே கூடாது. அழுத்தத்தில் அது நசுங்கிவிடும்.

வெள்ளைப் பொடியை முதலில் பிரஷ்ஷாலும் மரக்குச்சியாலும் நீக்கிப் பாருங்கள். வினிகரும் எலுமிச்சைச் சாறும் பொடியை விரைவாகக் கரைக்கும் என்பது உண்மைதான். பொடி தீர்ந்ததும் அமிலம் நிற்காமல் துத்தநாகத்தையே தின்னத் தொடங்கும், பித்தளையிலிருந்தும் துத்தநாகத்தைப் பிரித்தெடுத்து அதைச் செந்நிறமாகவும் சொரசொரப்பாகவும் ஆக்கிவிடும். தவிர்க்க முடியாவிட்டால் நீர்த்த கரைசலில் சில நிமிடங்கள் மட்டும், கண்ணெதிரே வைத்திருந்து, உடனே நிறைய நீரில் அலசிக் காயவைக்க வேண்டும். காஸ்டிக் சோடா கூடவே கூடாது. அது அலுமினியத்தையும் துத்தநாகத்தையும் கரைக்கும். மீயொலி அதிர்வால் அழுக்கு நீக்கும் அல்ட்ராசோனிக் தொட்டி கிடைத்தால் அதுவே சிறந்த வழி: மிதமான சோப்பு நீரை 50 முதல் 60 டிகிரி செல்சியஸ் வரை சூடாக்கி, சில நிமிடங்கள் வீதம் இரண்டு மூன்று தவணை ஓட்டினால், நம் கை எட்டாத வழிகளிலும் நுண்குமிழிகள் புகுந்து அழுக்கைப் பெயர்க்கும். அந்தத் தொட்டியில் பெட்ரோலையோ வேறு எரியும் திரவத்தையோ ஒருபோதும் ஊற்றாதீர்கள். வெளியே எடுத்தவுடன் எல்லா வழிகளிலும் காற்றடித்து உலர்த்தாவிட்டால் பொடி திரும்பவும் வந்துவிடும்.

கேள்வி: நன்றாகச் சுத்தம் செய்து மாட்டிய பிறகு கார்புரேட்டரிலிருந்து பெட்ரோல் வழிகிறது. முன்பு இப்படி இல்லை. எதில் தவறு?

பதில்: ஊசி வால்வு சரியாக மூடவில்லை. பழைய பிசினே இத்தனை நாள் அங்கே அடைப்பாக இருந்து ஒழுக்கை மறைத்திருக்கக்கூடும். வால்வின் கூம்பு முனையை விரல்நகத்தால் வருடிப் பாருங்கள். வளையம் போன்ற தேய்மானம் தட்டுப்பட்டால் வால்வை மாற்ற வேண்டும். அது உட்காரும் இடத்தில் அழுக்கு மிஞ்சியிருந்தால் கிளீனரில் நனைத்த பஞ்சுக் குச்சியால் துடைத்தாலே போதும், உப்புத்தாள் கொண்டு தேய்க்காதீர்கள்.

முனை நன்றாக இருந்தால் மிதவையைச் சோதியுங்கள். பித்தளை மிதவையைக் காதருகே குலுக்கினால் உள்ளே புகுந்த பெட்ரோல் தளும்பும் ஓசை கேட்கும். வெந்நீரில் அமிழ்த்திப் பிடித்தால் ஓட்டை உள்ள இடத்தில் குமிழி வரும். அதை ஈயம் வைத்து அடைக்க நினைப்பவர்கள், உள்ளே ஒரு துளி பெட்ரோல் இருந்தாலும் சூட்டில் அது வெடிக்கும் என்பதை அறிந்திருக்க வேண்டும். என் கருத்தில் புது மிதவை வாங்குவதே நல்லது. ஊசி வால்வைத் தள்ளும் மிதவையின் நாக்கைக் கையால் வளைத்து மட்டத்தைச் சரிசெய்வது கடைசி வழி. உங்கள் மாடலுக்கான அளவு கையேட்டில் கிடைத்தால் மட்டும் அதில் கைவையுங்கள்.

கேள்வி: மூன்று முறை கழற்றித் துலக்கிவிட்டேன். ஒவ்வொரு முறையும் ஒரு வாரம் நன்றாக ஓடுகிறது, பிறகு மறுபடியும் அடைத்துக்கொள்கிறது.

பதில்: அழுக்கு கார்புரேட்டரில் பிறக்கவில்லை, டேங்கிலிருந்து வருகிறது. பெட்ரோல் குழாயைக் கழற்றி ஒரு கண்ணாடிப் பாத்திரத்தில் பெட்ரோலைப் பிடித்து, சிறிது நேரம் அசையாமல் வையுங்கள். அடியில் செந்நிறத் துகள் படிந்தால் டேங்க் உள்ளே துருப்பிடித்திருக்கிறது; தனிக் குமிழ்களாக நின்றால் நீர் கலந்திருக்கிறது. டேங்கின் கீழே பெட்ரோலைத் திறந்து மூடும் திறப்பில் உள்ள சல்லடையையும் கார்புரேட்டருக்குள் நுழையும் வாயில் உள்ள சிறு வலையையும் எடுத்துப் பாருங்கள், பழைய வண்டிகளில் இவை கிழிந்தோ காணாமலோ போயிருக்கும். டேங்கைத் துரு நீக்கிக் காயவைத்து, புது ரப்பர் குழாயும் மாற்றிய பிறகு நான்காவது முறை கார்புரேட்டரைத் திறங்கள்; அதற்கு முன் திறப்பதால் பயனில்லை. இனி வண்டியைச் சில வாரங்களுக்கு மேல் நிறுத்தி வைப்பதாக இருந்தால், பெட்ரோல் திறப்பை மூடிவிட்டு, கிண்ணத்தில் உள்ளது தீர்ந்து எஞ்சின் தானே நிற்கும் வரை ஓடவிடுங்கள்.