சாரணர் படையில் பட்ரோல் லீடர், ட்ரூப் லீடர்: என்ன வித்தியாசம்?

பள்ளிச் சாரணர் படையில் சேர்ந்த மகன் சொல்லும் பெயர்கள் புரியவில்லை என்று கேட்டிருந்தீர்கள்.

பாரத சாரண சாரணியர் இயக்கத்தில் ஆறு முதல் எட்டுப் பிள்ளைகள் சேர்ந்தால் ஒரு பட்ரோல், அதாவது அணி. அதை நடத்துபவன் பட்ரோல் லீடர். அணிகள் சேர்ந்தது ட்ரூப், அதாவது படை. அதற்கு மூத்த பையன் ஒருவன் ட்ரூப் லீடர். படையை வழிநடத்தும் பெரியவர் ஸ்கவுட் மாஸ்டர், பெரும்பாலும் பள்ளி ஆசிரியர்தான்.

ஆனால் இயக்கத்தின் உயிர் அணியில்தான் இருக்கிறது. 1907இல் இங்கிலாந்தின் பிரவுன்சி தீவில் சாரணர் இயக்கத்தைத் தொடங்கிய பேடன் பவல் நடத்திய முதல் முகாமிலேயே ஓநாய், காளை, அண்டங்காக்கை என்றெல்லாம் பெயர் வைத்து, பையன்களை நான்கு அணிகளாகப் பிரித்தார்.

‘கோர்ட் ஆஃப் ஹானர்’ என்றால் பயப்படாதீர்கள், வழக்கெல்லாம் இல்லை. அணித் தலைவர்கள் கூடிப் படையின் காரியங்களைப் பேசி முடிவெடுக்கும் கூட்டம். ‘பிரதம சோபான்’ என்பது சாரணர் பயிற்சிப் படிகளில் முதல் படி. சோபானம் என்றாலே படிக்கட்டுதானே.