உயிலில் சாட்சி போட்டவர் கோர்ட்டில் சத்தியம் செய்யலாமா?

கேள்வி: பக்கத்து வீட்டுப் பெரியவர் எழுதிய உயிலில் நானும் ஒரு சாட்சியாகக் கையெழுத்துப் போட்டிருந்தேன். அவர் காலமான பிறகு பிள்ளைகளுக்குள் வழக்கு. எனக்குச் சம்மன் வந்திருக்கிறது. சத்தியமே பண்ணவேண்டாம் என்று இயேசு சொல்லியிருக்கும்போது, பைபிள் மேல் கை வைத்து நான் சத்தியம் செய்யலாமா? ஜெபக்குழுவில் சிலர் கூடவே கூடாது என்கிறார்கள். இதற்கிடையில் பெரியவரின் மூத்த மகன், "கோர்ட்டுக்குப் போறதுக்கு முன்னாடி கோயிலுக்கு வந்து உங்க பேரப்பிள்ளை தலையில அடிச்சு சத்தியம் பண்ணுங்க" என்று நிற்கிறார். என்ன செய்வது?
— சி.எஸ்.ஐ. சபை வாசகர், கன்னியாகுமரி மாவட்டம்

பதில்: கோர்ட் விஷயம் நீங்கள் நினைப்பதைவிட எளிது. மூத்த மகன் கேட்பதுதான் வில்லங்கம்.

சினிமாவில் வருவதுபோல் பைபிளைத் தூக்கிக்கொண்டு யாரும் உங்களிடம் வரவேண்டும் என்று சட்டத்தில் இல்லை. 1969-ஆம் ஆண்டின் சத்தியப்பிரமாணச் சட்டம் இரண்டு வாசகங்களைத் தருகிறது. ஒன்று, கடவுள் பெயரால் ஆணையிட்டுச் சொல்வது. மற்றது, உளமார உறுதி கூறுவது. அதற்குப் பின் வருவது இரண்டிலும் ஒன்றே: "நான் சொல்லப்போவது உண்மை, முழு உண்மை, உண்மையைத் தவிர வேறில்லை." ஆணைக்குப் பதிலாக உறுதிமொழி எடுத்துக்கொள்ள 5-ஆம் பிரிவு எந்தச் சாட்சிக்கும் உரிமை தருகிறது. காரணம் சொல்லத் தேவையில்லை. கூண்டில் ஏறியதும், வாசகத்தைச் சொல்லிக்கொடுக்கத் தொடங்கும் முன்பே, "ஐயா, நான் உறுதிமொழி எடுத்துக்கொள்கிறேன்" என்று நீதிபதியிடம் சொல்லிவிடுங்கள். பாதியில் நிறுத்தித் தடுமாறுவதால்தான் தேவையில்லாத கேள்விகள் வருகின்றன. உங்களை அழைத்த தரப்பு வக்கீலிடம் முந்தின நாளே சொல்லிவைப்பது இன்னும் நல்லது.

உறுதிமொழிதானே, ஆணையைவிடக் கொஞ்சம் இலகு என்று நினைக்கவேண்டாம். பொய் சொன்னால் இரண்டுக்கும் ஒரே தண்டனை. நீதிமன்ற விசாரணையில் பொய்ச்சாட்சி சொன்னால் பாரதிய நியாய சன்ஹிதா (பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்தது) 229-ஆம் பிரிவின்படி 7 ஆண்டு வரை சிறை. ஆணையும் மாட்டேன், உறுதியும் மாட்டேன் என்று இரண்டையும் மறுத்தால் அது 213-ஆம் பிரிவில் தனிக் குற்றம். 6 மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டுமே.

இனி வேதவாக்கியம். மத்தேயு 5:33-37-ஐயும் யாக்கோபு 5:12-ஐயும் வைத்துக் கூடாது என்கிறவர்கள் புதிதாக எதையும் சொல்லவில்லை. 1527-இல் சுவிட்சர்லாந்தின் ஷ்லைட்ஹைமில் கூடிய அனபாப்டிஸ்டுகள் (குழந்தை ஞானஸ்நானத்தை ஏற்காத சீர்திருத்தக் குழுவினர்) தங்கள் விசுவாச அறிக்கையின் ஏழாவது பகுதியில் எல்லாச் சத்தியத்தையும் விலக்கினார்கள். இங்கிலாந்தில் தோன்றிய கிறிஸ்தவக் குழுவான குவேக்கர்களும் அப்படியே, அதைத் தொடங்கிய ஜார்ஜ் ஃபாக்ஸ் உட்படப் பலர் சத்தியம் செய்ய மறுத்ததற்காகவே சிறையில் கிடந்தார்கள். 1695-இன் இங்கிலாந்துச் சட்டம் குவேக்கர்களுக்கு மட்டும் சத்தியத்துக்குப் பதிலாக உறுதிமொழியை அனுமதித்தது. இன்று நம் 5-ஆம் பிரிவு எல்லோருக்கும் தரும் வசதிக்கு அவர்கள் விலை கொடுத்திருக்கிறார்கள். உங்கள் ஜெபக்குழுவினரை ஒதுக்கிவிடாதீர்கள்.

ஆனால் உங்கள் சபையின் மரபு வேறு. சி.எஸ்.ஐ.-யில் இணைந்த சபைகளில் ஒன்றான ஆங்கிலிக்கன் சபையின் 39 பிரமாணங்களில் கடைசிப் பிரமாணமே இதைப் பற்றியதுதான்: வீணான, அவசரச் சத்தியம் தவறு, அதிகாரி கேட்கும்போது, விசுவாசத்துக்கும் அன்புக்கும் உரிய காரியத்தில், நீதியோடும் நியாயத்தோடும் உண்மையோடும் ஆணையிடலாம். குமரியில் சபைகளை நட்ட லண்டன் மிஷன் மிஷனரிகளின் காங்கிரிகேஷனல் மரபும், 1658-இன் சவாய் என்னும் விசுவாச அறிக்கையில், முறையான ஆணையை ஏற்கிறது. லுத்தரன்களின் ஆக்ஸ்பர்க் அறிக்கையும் (1530) கத்தோலிக்க மறைக்கல்வியும் இதே பக்கம். இவர்கள் காட்டும் ஆதாரமும் லேசானதல்ல. பிரதான ஆசாரியன் ஜீவனுள்ள தேவன்பேரில் ஆணையிட்டுக் கேட்டபோது, அதுவரை பேசாதிருந்த இயேசு பதில் சொன்னார் (மத்தேயு 26:63-64). பவுல் தன் நிருபங்களில் தேவனைச் சாட்சியாக அழைக்கிறார் (ரோமர் 1:9, 2 கொரிந்தியர் 1:23).

எனவே இரண்டில் எதைத் தேர்ந்தாலும் உங்கள் சபையின் ஒழுங்குக்கு நீங்கள் விரோதமாகப் போகவில்லை. மனது உறுத்தினால் உறுதிமொழி எடுங்கள்; உறுத்தலோடு ஆணையிடுவதில் யாருக்கும் லாபமில்லை.

இயேசு எதைக் கண்டித்தார் என்று பார்த்தால் மூத்த மகனுக்கும் பதில் கிடைக்கும். அந்தக் காலத்தில் சத்தியத்துக்குத் தரம் பிரித்திருந்தார்கள். தேவாலயத்தின்பேரில் ஆணையிட்டால் ஒன்றுமில்லை, தேவாலயத்தின் பொன்பேரில் என்றால் கட்டாயம் என்ற கணக்கை மத்தேயு 23:16-22-இல் அவர் உடைக்கிறார். பிற்பாடு தொகுக்கப்பட்ட யூதர்களின் சட்டத் தொகுப்பான மிஷ்னாவிலும் இந்தத் தரம் பிரித்தல் தெரியும்: சாட்சிகளை 'வானத்தின்பேரில், பூமியின்பேரில்' ஆணையிட்டு அழைத்தால் அவர்களுக்குக் கடமையில்லை, கடவுளின் பெயர்களில் ஒன்றைச் சொல்லி அழைத்தால் கடமை உண்டு. எந்தப் பொருளைத் தொட்டுச் சொன்னால் தப்பிக்கலாம், எதைத் தொட்டால் மாட்டிக்கொள்வோம் என்கிற இந்த ஆட்டத்தைத்தான் மலைப்பிரசங்கம் மூடுகிறது. அதில் உன் சிரசின் பேரிலும் சத்தியம் பண்ணாதே, அதில் ஒரு மயிரைக்கூட வெண்மையாக்கவோ கறுப்பாக்கவோ உன்னால் முடியாது என்று பச்சையாகவே இருக்கிறது. சொந்தத் தலைக்கே அப்படியென்றால் பேரப்பிள்ளை தலையைப் பணயம் வைக்க உங்களுக்கு என்ன உரிமை? அதிகாரி கேட்டால் ஆணையிடலாம் என்கிற சபைகளும் இதை ஏற்பதில்லை. படைக்கப்பட்ட எதன்மேலும் ஆணையிடக்கூடாது என்று சீர்திருத்தச் சபைகளின் ஹைடல்பர்க் வினாவிடை (1563) வெளிப்படையாகச் சொல்கிறது.

மூத்த மகனிடம் மரியாதையாக, ஆனால் ஒரே வரியில் முடியுங்கள்: "தம்பி, நான் பார்த்ததை ஜட்ஜ் ஐயா முன்னாடி சொல்லுவேன். அதுக்கு முன்னாடி யாருகிட்டேயும் சத்தியம் பண்ணமாட்டேன்." விளக்கம் கொடுக்க ஆரம்பித்தால் அதுவே சாட்சியைத் தயார்ப்படுத்திய பேச்சாகிவிடும், குறுக்கு விசாரணையில் எதிர்த்தரப்பு வக்கீல் அதைக் கேட்காமல் விடமாட்டார்.

நீங்கள் கேட்காத, ஆனால் நிஜமான சோதனை வாக்குமூலத்தில்தான் இருக்கிறது. உயில் வழக்கில் சாட்சி போட்டவர்களில் ஒருவரையாவது விசாரிக்கவேண்டும் என்பது சட்டம் (சாட்சியச் சட்டத்தில் 68-ஆம் பிரிவு, இப்போதைய பாரதிய சாக்ஷிய அதினியத்தில் 67). வழக்கை நடத்துகிறவர்கள் கட்சி பலமாக வேண்டும் என்று, "பெரியவர் கையெழுத்துப் போட்டதை நாங்கள் ரெண்டு சாட்சியும் ஒன்றாக நின்று பார்த்தோம்" என்று எழுதிவைத்துவிடுவதுண்டு. அப்படி நடக்காமல் இருந்திருக்கலாம். அவர் முதலிலேயே கையெழுத்துப் போட்டுவிட்டு, பிறகு உங்களைக் கூப்பிட்டு, "இது என் கையெழுத்துதான், சாட்சி போடுங்க" என்று சொல்லியிருந்தால்? 1925-ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டம் 63-ஆம் பிரிவின்படி அதுவே போதும். எழுதியவர் கையெழுத்திட்டதை நேரில் பார்த்திருக்கவேண்டும், அல்லது தன் கையெழுத்து என்று அவரே உங்களிடம் ஒப்புக்கொண்டிருக்கவேண்டும். நீங்கள் அவர் முன்னிலையில் கையெழுத்திட்டிருக்கவேண்டும். இரண்டு சாட்சிகளும் ஒரே நேரத்தில் இருக்கவேண்டும் என்றே சட்டம் கேட்கவில்லை. அதாவது உயிலுக்கு உதவுவதாக நினைத்துச் சொல்லும் பொய் பெரும்பாலும் தேவையே இல்லாத பொய். இன்னொரு சாட்சி வேறு மாதிரிச் சொன்னால் அந்தப் பொய்தான் உயிலையும் கவிழ்க்கும்.

உங்கள் முதல் விசாரணை வாக்குமூலத்தைப் பெரும்பாலும் பிரமாணப் பத்திரமாக (அஃபிடவிட்) தட்டச்சு செய்துதான் தாக்கல் செய்வார்கள். வக்கீல் அலுவலகத்தில் "இங்க ஒரு கையெழுத்து, இங்க ஒண்ணு" என்று நீட்டுவார்கள். கூண்டில் சொல்லும் இரண்டு வரிக்கு அஞ்சுகிற நம்மவர்கள் இங்கே படிக்காமல் கையெழுத்துப் போடுவது எனக்கு எப்போதும் விசித்திரமாகவே படுகிறது. அந்தத் தாளும் அதே சத்தியம்தான். ஆங்கிலத்தில் இருந்தால் வரிவரியாகத் தமிழில் சொல்லச் சொல்லுங்கள். தேதி, இடம், யார் யார் இருந்தார்கள், யார் முதலில் கையெழுத்திட்டது, பெரியவர் சுயநினைவோடு பேசினாரா என்பவற்றைத் தனித்தனியாகச் சரிபாருங்கள். நீங்கள் கண்ணால் காணாததை, "பிறகு கேள்விப்பட்டேன்" என்று மாற்றச் சொல்லுங்கள், அல்லது அடிக்கச் சொல்லுங்கள். அடித்த இடத்தில் சுருக்கொப்பம் போடுங்கள். நோட்டரியோ வேறு அதிகாரியோ சான்றொப்பமிடும்போது நேரில் இருங்கள். கையெழுத்துப் போட்ட தாளைக் கொடுத்தனுப்பாதீர்கள். பத்திரத்தின் தொடக்கத்தில் ஆணையிடும் வாசகம் இருந்தால் உறுதி கூறும் வாசகமாக மாற்றிக் கேளுங்கள்.

குறுக்கு விசாரணையில் "ஞாபகமில்லை" என்பது உண்மையானால் தாராளமாகச் சொல்லலாம். சாட்சி போட்டவருக்கு நினைவில்லாவிட்டால் வேறு சாட்சியத்தால் உயிலை நிரூபிக்கச் சட்டம் வழி வைத்திருக்கிறது. உங்கள் ஒருவர் தலையில் எல்லாம் இல்லை. நினைவிருந்தும் "ஞாபகமில்லை" என்றால் அதுவும் பொய்தான். மணி எத்தனை, எத்தனை பேர் இருந்தார்கள் என்று நெருக்கினால், ஊகித்து எண் சொல்லாமல், "சரியாகச் சொல்லத் தெரியவில்லை, மத்தியானம் இருக்கும்" என்று நிறுத்துங்கள். முடிந்ததும் உங்கள் வாக்குமூலத்தைக் கையெழுத்துக்குக் கொடுப்பார்கள். வாசித்துப் பாருங்கள், வாசிக்க முடியாவிட்டால் வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். நீங்கள் சொன்னதற்கும் அதில் இருப்பதற்கும் வித்தியாசம் தெரிந்தால் கையெழுத்துக்கு முன்பே நீதிபதியிடம் சொல்லிவிடுங்கள்.