குழந்தைகளின் பல் சிகிச்சையும் மயக்க மருந்தும்: வாசகர் கேள்விகளுக்குக் குழந்தைகள் பல் மருத்துவரின் பதில்கள்

பால் பற்களில் விழும் சொத்தை குறித்துச் சென்ற இதழில் எழுதியதைத் தொடர்ந்து வந்த கடிதங்களில் பெரும்பாலானவை, பயந்து அழும் குழந்தைக்கு மயக்க மருந்து கொடுத்துச் சிகிச்சை செய்யலாமா என்றே கேட்டிருந்தன. அவற்றில் சில இங்கே.

கேள்வி: என் மகளுக்கு ஐந்தரை வயது. கடைவாய்ப் பற்கள் சொத்தையாகி இரவில் வலியால் அழுகிறாள். முதலில் போன இடத்தில் இரண்டு பேர் கைகால்களைப் பிடித்துக்கொண்டு சிகிச்சை செய்ய முயன்றார்கள். அன்றிலிருந்து வெள்ளைக் கோட்டைக் கண்டாலே அலறுகிறாள். இப்போது பார்க்கும் மருத்துவர், மூக்கில் வைத்து 'கேஸ்' கொடுத்துச் செய்யலாம் என்கிறார். அதில் நினைவு தப்புமா? — வாசகி, ஈரோடு

நினைவு தப்பாது. அவர் சொல்வது, நைட்ரஸ் ஆக்சைடு என்னும் வாயுவை ஆக்சிஜனுடன் கலந்து ஒரு சிறிய மூக்குமூடி வழியாகச் சுவாசிக்கச் செய்யும் முறை. 1844-இல் அமெரிக்காவின் ஹார்ட்ஃபோர்டு நகரில் ஹொரேஸ் வெல்ஸ் என்ற பல் மருத்துவர் இந்த வாயுவைச் சுவாசித்தபடி தம்முடைய பல்லையே பிடுங்கச் செய்து பார்த்தார் என்பதிலிருந்து, இது பல் மருத்துவத்துக்கு எவ்வளவு பழையது என்று தெரியும். இன்றைய முறையில் முதலில் ஆக்சிஜனை மட்டும் கொடுத்து, பிறகு நைட்ரஸ் ஆக்சைடின் அளவைச் சிறிது சிறிதாகக் கூட்டி, பெரும்பாலும் 30 முதல் 50 விழுக்காட்டுக்குள் நிறுத்திக்கொள்கிறார்கள். பல் சிகிச்சைக்கென உள்ள நவீனக் கருவிகள், கலவையில் ஆக்சிஜன் 30 விழுக்காட்டுக்குக் கீழே இறங்க இடமளிக்காதபடி அமைக்கப்பட்டவை. சில நிமிடங்களில் விரல் நுனிகள் லேசாகக் கூசும், உடம்பு மிதப்பது போல இருக்கும், சில குழந்தைகள் காரணமில்லாமல் சிரிப்பார்கள். ஆனால் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் பதில் சொல்வார்கள், வாயைத் திற என்றால் திறப்பார்கள். முடிந்ததும் ஐந்து நிமிடம் வெறும் ஆக்சிஜன் கொடுத்தால் வாயு மூச்சோடு வெளியேறிவிடும்.

இரண்டு விஷயங்களை நீங்கள் முன்கூட்டியே தெரிந்துகொள்ள வேண்டும். முதலாவது, இந்த வாயு வலியைச் சற்றுக் குறைக்குமே தவிர முழுதாகப் போக்காது என்பதால், மரப்பு ஊசி கட்டாயம் போடப்படும். வாயு தருவது அந்த ஊசியைப் பதற்றமில்லாமல் ஏற்கும் மனநிலையைத்தான். இரண்டாவது, குழந்தை மூக்கு வழியாக மூச்சு விட்டால்தான் மருந்து உள்ளே போகும். வீறிட்டு அழும் குழந்தை வாயால் மூச்சு விடுவதால், உங்கள் மகள் இப்போது இருக்கும் நிலையில் மூடியை முகத்தில் அழுத்திப் பிடிப்பதால் பயனேதும் இராது, பயம்தான் இன்னும் கூடும்.

எனவே, முதல் முறை எந்தச் சிகிச்சையும் செய்யாமல் திருப்பி அனுப்பினால் மருத்துவர் நேரத்தை வீணடிக்கிறார் என்று நினைக்காதீர்கள். ஒவ்வொன்றையும் சொல்லி, காட்டி, பிறகு செய்வது எங்கள் துறையின் அடிப்படைப் பயிற்சி. சுழலும் பிரஷ்ஷை முதலில் குழந்தையின் கட்டைவிரல் நகத்தில் ஓடவிட்டு, "கூச்சமாக இருக்கிறதா, வலிக்கிறதா?" என்று கேட்டு, அவளாகவே அடுத்த விரலை நீட்டும்வரை காத்திருந்தால், வாய்க்குள் செல்வதற்குப் பெரும்பாலும் அவளே அனுமதி தருவாள். மூக்குமூடியை வீட்டுக்குக் கொடுத்தனுப்பச் சொல்லிக் கேளுங்கள். இரண்டு நாள் பொம்மைக்கு மாட்டி விளையாடிய குழந்தை மூன்றாம் நாள் தனக்கு மாட்டிக்கொள்ளத் தயங்குவதில்லை. கன்னம் வீங்கினாலோ காய்ச்சல் வந்தாலோ மட்டும் இந்தப் பொறுமைக்கு இடமில்லை. அன்றே போய்க் காட்ட வேண்டும்.

சளி பிடித்து மூக்கு அடைத்திருந்தால் சிகிச்சை நாளைத் தள்ளிப் போடுங்கள். அண்மையில் காது அறுவை சிகிச்சை நடந்திருந்தாலோ, பி12 வைட்டமின் குறைபாடு இருந்தாலோ முன்பே சொல்லிவிட வேண்டும். இந்த வாயு பி12-ஐச் செயலிழக்கச் செய்யக்கூடியது என்பதால், முட்டைகூடச் சேர்க்காத, பாலும் அதிகம் குடிக்காத குழந்தைகளின் பெற்றோர் இதை நினைவில் வைப்பது நல்லது. நீங்கள் கர்ப்பமாக இருந்தால் அந்த அறையில் இருக்க வேண்டாம்.

கேள்வி: மூன்றரை வயது மகனுக்கு ஆறு பற்கள் சொத்தை. 'மிடாசோலம்' என்ற மருந்தை வாய்வழியாகக் கொடுத்துச் சிகிச்சை செய்ய வேண்டும் என்கிறார்கள். என் அம்மாவோ, "விழுந்து முளைக்கிற பல்லுக்கு மயக்க மருந்து எதற்கு? கையைக் காலைப் பிடித்துக்கொண்டால் ஐந்து நிமிட வேலை" என்கிறார். யார் சொல்வது சரி? — வாசகர், திருநெல்வேலி

பால் கடைவாய்ப் பற்களில் கடைசியானவை விழுவதற்குப் பத்து முதல் பன்னிரண்டு வயது ஆகும். அவ்வளவு காலம் சீழோடு விட்டுவைக்க முடியாது. அடியில் வளரும் நிரந்தரப் பல்லையும் அந்தச் சீழ் கெடுக்கலாம். கையைக் காலைப் பிடித்துக்கொண்டு செய்தால் என்ன ஆகும் என்பதற்கு முந்தைய கடிதமே பதில்.

ஆனால் உங்கள் அம்மாவின் தயக்கத்தில் ஒரு நியாயம் இருக்கிறது. மிடாசோலம், நைட்ரஸ் ஆக்சைடைப் போல அளவைக் கூட்டிக் குறைத்துக்கொண்டே இருக்கக்கூடிய மருந்து அன்று. குழந்தையின் எடைக்கேற்பக் கணக்கிட்டு ஒருமுறை கொடுத்துவிட்டால், விழுங்கியதைத் திரும்ப எடுக்க முடியாது. ஏறக்குறைய அரை மணி நேரத்தில் குழந்தை தளர்ந்து, கண் சொருகி, சொன்னதைக் கேட்கும் நிலைக்கு வரும். நடந்தவற்றில் பெரும்பகுதி பிறகு நினைவில் இராது. ஒரு சில குழந்தைகள் இதற்கு நேர்மாறாக, மருந்து ஏறியதும் ஆவேசமாக அழுது புரள்வதும் உண்டு. அன்று சிகிச்சையை நிறுத்திவிட்டு வேறு வழியைத் தேட வேண்டியதுதான்.

ஆபத்து எங்கே இருக்கிறது என்றால், மூச்சில். சிறு குழந்தையின் மூச்சுப்பாதை குறுகலானது, வாயின் அளவுக்கு நாக்கு பெரியது, டான்சில் வீங்கியிருந்தால் இடைவெளி இன்னும் குறையும். ஒரே அளவு மருந்து ஒரு குழந்தையை அமைதிப்படுத்தும், இன்னொரு குழந்தையை எதிர்பார்த்ததைவிட ஆழ்ந்த மயக்கத்துக்குக் கொண்டுபோய்விடும். ஆகவே எந்த மருந்து என்று கேட்பதைவிட, பல் மருத்துவர் வாய்க்குள் பார்த்துக்கொண்டிருக்கும்போது குழந்தையின் மூச்சைப் பார்த்துக்கொண்டிருப்பது யார் என்று கேளுங்கள். அந்த ஒருவருக்கு வேறு முக்கிய வேலை இருக்கக் கூடாது. பல்ஸ் ஆக்சிமீட்டர், ஆக்சிஜன், குழந்தைகளுக்கான அளவில் மூச்சு கொடுக்கும் பை, மருந்தின் விளைவை முறிக்கும் ஃப்ளூமசெனில் ஆகியவை அறையிலேயே இருக்கின்றனவா என்றும் கேளுங்கள். ஆழ்ந்த மயக்கம் தேவைப்படும் சிகிச்சையில், மயக்க மருந்தையும் கண்காணிப்பையும் பார்க்கத் தகுதி பெற்ற தனி ஒருவர் இருக்க வேண்டும் என்றும், அவரும் பல் மருத்துவரும் குழந்தைகளுக்கான உயிர்காக்கும் பயிற்சி பெற்றிருக்க வேண்டும் என்றும் அமெரிக்கக் குழந்தைநல மருத்துவ, குழந்தைகள் பல் மருத்துவ அமைப்புகள் 2019-இல் வெளியிட்ட வழிகாட்டுதல் சொல்கிறது. இப்படிக் கேட்டால் முகம் சுளிக்கும் இடத்தில் என் பிள்ளையாக இருந்தால் செய்துகொள்ள மாட்டேன்.

ஆறு பற்களையும் ஒரே நாளில் முடித்துவிடுங்கள் என்று வற்புறுத்தவும் வேண்டாம். மரப்பு மருந்துக்கும் எடைக்கேற்ற உச்சவரம்பு உண்டு. லிக்னோகெயின் என்ற மரப்பு மருந்துக்குக் கிலோவுக்கு 4.4 மில்லிகிராம் என்ற கணக்கில், 14 கிலோ குழந்தைக்கு 2 விழுக்காட்டுக் கரைசல் மூன்று மில்லிக்குச் சற்றே அதிகம், அவ்வளவுதான். அமைதிப்படுத்தும் மருந்தும் சேரும்போது அந்த வரம்பைத் தொடாமலிருப்பதே நல்லது.

சொத்தை ஆழமில்லாமல், சீழ் பிடிக்காமல் இருந்தால், சில்வர் டைஅமைன் ஃப்ளூரைடு என்ற திரவத்தைத் தடவி சொத்தை பரவுவதை நிறுத்திவைத்து, குழந்தைக்கு ஐந்து வயதாகிப் பக்குவம் வந்தபின் மற்ற வேலையைப் பார்க்க முடியுமா என்றும் கேட்டுப் பாருங்கள். தடவிய இடம் நிரந்தரமாகக் கறுத்துவிடும். முன்பற்கள் என்றால் அது பலருக்குப் பிடிப்பதில்லை. பல்லைக் குடையாமல், ஊசியும் போடாமல் எஃகு உறையை மேலே பொருத்திவிடும் முறையும் கடைவாய்ப் பற்களுக்கு உண்டு.

மருந்து கொடுக்கும் முடிவு எடுத்தால், அதை மருத்துவமனையில் வைத்தே கொடுக்க வேண்டும்; வீட்டில் புகட்டிவிட்டு அழைத்துச் செல்லக் கூடாது. திரும்பும்போது இருசக்கர வாகனத்தில் நடுவில் உட்காரவைத்துக் கொண்டுபோகவும் கூடாது. தூக்கக் கலக்கத்தில் தலை முன்னால் தொங்கினால் மூச்சுப்பாதை அடைபடும்; ஓட்டுபவருக்கு அது தெரியாது. காரிலோ ஆட்டோவிலோ, குழந்தையின் தலையை நிமிர்த்திப் பிடித்துக்கொள்ள ஒருவர் பக்கத்தில் இருக்க, போக வேண்டும்.

கேள்வி: ஆட்டிசம் உள்ள என் எட்டு வயது மகனுக்குப் பெரிய மருத்துவமனையில் முழு மயக்கம் கொடுத்து ஒன்பது பற்களைச் சரிசெய்யலாம் என்கிறார்கள். மூளையைப் பாதிக்கும் என்று படித்துப் பயமாக இருக்கிறது. — வாசகி, கோயம்புத்தூர்

நீங்கள் படித்தது அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2016-இல் விடுத்த எச்சரிக்கையாக இருக்கலாம். அது மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு மூன்று மணி நேரத்துக்கு மேல், அல்லது பலமுறை கொடுக்கப்படும் மயக்க மருந்தைப் பற்றியது. எட்டு வயது மகனுக்கு ஒருமுறை கொடுப்பதை அந்த எச்சரிக்கையோடு சேர்த்துப் பார்க்க வேண்டியதில்லை.

அரைகுறை மயக்கத்தில் நான்கைந்து முறை போராடுவதைவிட, மயக்கவியல் நிபுணரும் தீவிர சிகிச்சை வசதியும் உள்ள மருத்துவமனையில் ஒரே தடவையில் முடிப்பதுதான் உங்கள் மகனுக்குப் பொருத்தம் என்று எனக்குத் தோன்றுகிறது. இங்கிலாந்தில் 2001-ஆம் ஆண்டு முடிவிலிருந்து பல் சிகிச்சைக்கான முழு மயக்கம் மருத்துவமனைகளில் மட்டுமே கொடுக்கப்படுகிறது. இடத்தைத் தேர்ந்தெடுக்கும்போது அதே அளவுகோலை வைத்துக்கொள்ளுங்கள். வலிப்பு மருந்து ஏதும் சாப்பிட்டால், எல்லா மாத்திரைகளின் பட்டியலையும் மயக்க மருத்துவரிடம் கொடுங்கள். நிலுவையில் உள்ள இரத்தப் பரிசோதனை, நகம் வெட்டுவது போன்றவற்றையும் அந்த மயக்கத்திலேயே செய்துகொள்ள முடியுமா என்று கேட்கலாம். பலரும் செய்து தருவார்கள். அதன்பின் மூன்று மாதத்துக்கு ஒருமுறை பற்களைக் காட்டாவிட்டால் புதிய சொத்தைகள் வந்து மீண்டும் இதே இடத்தில் நிற்க நேரிடும்.

கேள்வி: மயக்கத்துக்கு முன் எத்தனை மணி நேரம் பட்டினி? — வாசகர், தஞ்சாவூர்

தண்ணீர் இரண்டு மணி நேரம், தாய்ப்பால் நான்கு, இட்லி போன்ற லேசான உணவு ஆறு மணி நேரம். எண்ணெய்ப் பலகாரம் என்றால் எட்டு. பசும்பாலையும் உணவாகவே கணக்கிட வேண்டும். குழந்தை பசி தாங்காது என்று பாட்டி இரக்கப்பட்டுக் கொடுக்கும் அரை டம்ளர் பால், மயக்கத்தில் வாந்தியாகி நுரையீரலுக்குள் போகலாம். கொடுத்துவிட்டால் மறைக்காமல் சொல்லிவிடுங்கள், சிகிச்சை நாள் தள்ளிப்போகும், அவ்வளவே. நைட்ரஸ் ஆக்சைடு மட்டும் என்றால் இத்தனை கடுமை பொதுவாகத் தேவையில்லை. வயிறு முட்டச் சாப்பிடாமல் இருந்தால் போதும்.

கேள்வி: கம்பி போடுவதற்காக என் பதினொரு வயது மகளின் இரண்டு பற்களை எடுக்க வேண்டும். அவளுக்கு ஊசி என்றால் மட்டும் பயம். தூங்கவைத்து எடுக்கலாமா? — வாசகி, மதுரை

வேண்டியதில்லை. ஈறில் மரப்பு ஜெல்லைத் தடவி இரண்டு நிமிடம் காத்திருந்து, மருந்தை மிக மெதுவாகச் செலுத்தினால் ஊசியின் வலி பெரிதும் குறையும். வேகமாக அழுத்தும்போதுதான் அதிகம் வலிக்கிறது. இடது கையைத் தூக்கினால் மருத்துவர் உடனே நிறுத்துவார் என்று முன்பே பேசி வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள், அந்த ஒப்பந்தத்தை மருத்துவரும் மீறக் கூடாது. "வலிக்கவே வலிக்காது" என்று வீட்டில் சொல்லி அனுப்பாதீர்கள். லேசாக ஒரு குத்து இருக்கும், பிறகு பல்லை அழுத்துவது மட்டும் தெரியும் என்று உள்ளதைச் சொல்லுங்கள். இவ்வளவுக்குப் பிறகும் அவள் நடுங்கினால் நைட்ரஸ் ஆக்சைடு கொடுக்கலாம். மரப்பு இறங்க மூன்று மணி நேரமோ அதற்கு மேலோ ஆகும். அதுவரை உணர்வில்லாத உதட்டைக் கடித்துப் புண்ணாக்கிக்கொள்ளாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.